சுண்ணாம்பா, சிமெண்டா? பழைய ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் இருக்கிறது எங்கள் பாட்டி வீடு. வெட்டுக்கல் (செம்பூராங்கல்) சுவர், அயினி மரக் கழுக்கோல் (கூரையின் சாய்வுச் சட்டம்), மங்களூர் ஓடு. பத்து வருடத்துக்கு முன் மேற்குச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினோம். கையில் இருந்த பணத்துக்குப் பாதிச் சுவர்தான் முடிந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் அந்தப் பாதி உப்பி நின்றது. உரித்தபோது வெட்டுக்கல்லும் மாவாகப் பூச்சோடு சேர்ந்து வந்தது. தொடாமல் விட்ட பாதியில் காரை கறுத்திருந்ததே தவிர, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு வந்த வயதான கொத்தனார் ஒரே வரியில் சொன்னார்: “மக்ளே, நனஞ்ச துணிக்க மேல ரெயின்கோட்டு போட்டது கணக்கா ஆயிப்போச்சு.”

பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. வெட்டுக்கல் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு பெரும்பாலும் உள்ளேயே தேக்கும். தண்ணீரில் கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லையே பொடித்துத் தள்ளும். போதாததற்கு, பழைய சுவர் கொஞ்சம் அசையும். சுண்ணாம்பு அதோடு சேர்ந்து நெகிழும், சிமெண்ட் வெடிக்கும். வெடிப்பு வழியே இறங்கிய மழைநீருக்கு வெளியேற வழி இருக்காது. சிமெண்ட் கெட்டியானது என்பது உண்மைதான். பழைய சுவருக்கு அந்தக் கெட்டிதான் ஆபத்து.

சுண்ணாம்பு கேட்பது பொறுமையை. நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊற வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் தனியே ஊறவைத்து, அந்த நீரை விட்டு மணலோடு அரைக்க வேண்டும். மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகக் காத்திருந்து, நாள் தவறாமல் நனைக்க வேண்டும். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை எடுத்துத்தான் அது கல்லாகிறது, அவசரப்படுத்த முடியாது. நம் மாவட்டத்துக்கு எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), ஐப்பசி (வடகிழக்குப் பருவமழை) என்று இரண்டு மழை. ஆகவே தை முதல் பங்குனி வரைதான் நல்ல காலம். சிமெண்ட் வேலை நான்கு நாளில் முடிந்தது. சுண்ணாம்புக்கு எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று, கூலியும் இரு மடங்குக்கு மேல்.

ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு. “சீக்கிரம் பிடிக்கும்” என்று சுண்ணாம்பில் ரகசியமாக ஒரு சட்டி சிமெண்ட் கலப்பவர்களும் உண்டு. கலவை போடும்போது கூடவே நில்லுங்கள். முதலில் ஒரு முழம் சதுரத்துக்குப் பூசச் சொல்லி, ஒரு மாதம் பார்த்துவிட்டு மீதி வேலையைக் கொடுங்கள்.

கூரைக்கு மூன்று வழி. ஓட்டைப் பிரித்து, மரத்தைச் சரிசெய்து மறுபடி மேய்வது ஒன்று. மேலே இரும்புச் சட்டம் அடித்துத் தகர ஷீட் போடுவது இன்னொன்று. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கான்கிரீட் போடுவது மூன்றாவது. நான் சொல்வது முதலாவதைத்தான். கழுக்கோல் முதலில் செல்லரிப்பது இறவாணப் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) பக்கத்து நுனியில்தான். நல்ல ஆசாரி அந்த நுனியை மட்டும் அறுத்து, புது மரத்தை ஒட்டுப்போட்டு மர ஆணி அடித்துவிடுவார். 2017 ஒக்கிப் புயலில் எங்கள் ஓடுகள் பறந்தன. பழைய ஓடு வாங்கி, போனதை மட்டும் மாற்றினோம். ஷீட் மழையைத் தடுக்கும். பணம் சேரும்வரை மரத்தைக் காப்பாற்ற அது போதும். வெயிலில் அதன் கீழ் சூடு தாங்காது. வெட்டுக்கல் சுவர்மேல் கான்கிரீட் பாரம் ஏற்றுவதை மட்டும் யோசிக்கவே வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு (அரண்மனைக்கு) ஒருமுறை போய், கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் நீண்டு இறங்குகிறது என்று பாருங்கள். 1795-இல் திருவிதாங்கூர் தலைநகரம் அங்கிருந்து திருவனந்தபுரம் போன பிறகும், 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த மரக்கூரை நிற்கிறது. இன்றுவரை கேரள அரசு அதைப் பராமரிக்கிறது. சுவரில் மழை படாமல் பார்த்துக்கொள்வதே கூரையின் முதல் வேலை. சின்ன சன்ஷேடு வைத்த கான்கிரீட் கூரை அதைச் செய்யாது.

தரையைப் பற்றி அதிகம் இல்லை. கொட்டாரத்தின் கறுப்புத் தரையில் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்தார்கள் என்பார்கள். அதை வீட்டில் செய்து தருகிறேன் என்று வருபவரிடம் அவர் போட்ட பழைய தரை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். குளியலறைக்கும், புதிதாகச் சேர்த்துக் கட்டும் அடுக்களைக்கும் சிமெண்ட் தாராளமாகப் போடலாம். பழைய சுவரோடு அது ஒட்டும் இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வைத்துப் பூசச் சொல்லுங்கள்.