பெல்ட் கிரைண்டர்: ஸ்டெப் புல்லியா, விஎஃப்டியா?

கத்திப் பட்டறைக்கு 2×72 அங்குல தேய்ப்பு பெல்ட் ஓடும் கிரைண்டர் கட்டும்போது பெல்ட் வேகத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். சிங்கிள் பேஸ் மோட்டாரும் ஸ்டெப் புல்லியும் (படிப்படியாகப் பல அளவு உள்ள கப்பி) போட்டால் செலவு குறைவு, ரிப்பேரும் சுலபம். ஆனால் வேகம் மாற்ற ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தி வி-பெல்ட்டை மாற்றிப் போட வேண்டும். யார் செய்வார்கள்? ஒரே வேகத்தில்தான் ஓட்டுவோம்.

த்ரீ பேஸ் மோட்டாரோடு விஎஃப்டி (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) என்றால் குமிழைத் திருகினால் போதும். வீட்டு 230 வோல்ட் சிங்கிள் பேஸிலேயே ஓடும். கடினப்படுத்திய பிளேடைத் தேய்க்கும்போதுதான் இதன் அருமை தெரியும். மெல்லிய நுனி 300 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நீலம் பாய்ந்துவிடும். அந்த இடத்தில் கடினம் போச்சு. வேகத்தைக் குறைத்து, அடிக்கடி தண்ணீரில் முக்கினால் தப்பிக்கலாம்.

இரும்புத் தூசி உள்ளே போனால் விஎஃப்டி காலி. அதனால் தூசி புகாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். என் ஓட்டு இதற்குத்தான்.