குன்னூர் ஸ்டில் லைஃப் வகுப்பு: ஜன்னலோர இடம் கேட்டு வாங்குங்கள்

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் ஸ்டில் லைஃப், அதாவது மேசையில் வைத்த பொருள்களைப் பார்த்து வரையும் ஓவிய வகுப்புக்குப் போய் வந்தேன். போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம், ஒரே ஒரு பெரிய குறையோடு.

மேசையில் ஒரு தைலக் குப்பி, பித்தளைச் செம்பு, இரண்டு பேரிக்காய், அவ்வளவுதான். பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்கிறார் ஆசிரியர். அப்படிப் பார்த்தால் குப்பியின் லேபிள், பேரிக்காயின் புள்ளி எல்லாம் காணாமல் போய், இருட்டும் வெளிச்சமுமாக நாலைந்து திட்டுகள்தான் மிஞ்சும். அவற்றை மட்டும் வரையுங்கள், செம்பும் அதன் நிழலும் ஒரே இருட்டாகத் தெரிந்தால் நடுவில் கோடு போடாதீர்கள் என்கிறார். கேட்க சுலபம், கை கேட்காது. பக்கத்தில் இருந்த அக்கா கடைசிவரை செம்புக்கு விளிம்பு போட்டுக்கொண்டே இருந்தார்.

நிறம் கலக்கச் சொல்லித்தரும் பகுதிக்கே கொடுத்த காசு தகும். தட்டில் கறுப்பே கிடையாது. அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைச் சேர்த்தால் அருமையான சாம்பல் வருகிறது, நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்பு கூடினால் வெதுவெதுப்பு. பேரிக்காய்ப் பச்சை கத்துகிறதா, துளி சிவப்பு விட்டால் அடங்கிவிடும். வெள்ளையை அள்ளிக் கொட்டினால் அடங்காது, வெளுத்துத்தான் போகும். இத்தாலியின் போலோன்யாவில் இருந்த ஜார்ஜோ மொராண்டியின் (1890–1964) படப் பிரதிகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதே குப்பி, ஜாடிகளை வருஷக்கணக்கில் இடம் மாற்றி மாற்றி வைத்து வரைந்த மனிதர். அந்த மண்நிறங்களைப் பார்த்துக்கொண்டே கலக்கலாம்.

குறை, வெளிச்சம். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்தால் ஜன்னல் வெளிச்சம் பரவலாகி, நிழலின் ஓரமெல்லாம் கரைந்துபோகிறது. இந்த வகைப் படத்துக்கு வேறென்ன வேண்டும்? அந்த நேரம் பார்த்து டியூப்லைட்டைப் போடுகிறார்கள்! ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல். கேட்டால், பின்வரிசைக்குத் தெரியாதாம். சரி, மேசையை ஜன்னல் பக்கம் தள்ளலாமே.

தருகிற தாளும் மெல்லிசு, ஈரம் பட்டதும் சுருள்கிறது, 300 ஜிஎஸ்எம் கனத் தாள் கொண்டுபோங்கள். குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் நீர்வண்ணம்) இந்த ஈரக்காற்றில் காய நேரமாகும், வெளிர் நிறங்கள் காய்ந்ததும் ஒரு படி கூடுதலாகவே அடர்த்தியாகும், அதனால் ஈரத்தில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஸ்வெட்டர் கட்டாயம். இடையில் டீ உண்டு. நீலகிரியில் இருந்துகொண்டு வர்க்கி வைக்காததை மட்டும் மன்னிக்க முடியவில்லை.