கிராமத்துல இருந்தே வேலை: பொது ஆபீஸ் ரூம்ல ரெண்டு வருஷ அனுபவம்

கிராமத்துல இருந்தே ரிமோட் வேலை பாக்க ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. முதல் வருஷம் வீட்ல, அப்புறம் ரெண்டு வருஷமா நாங்க பத்து பேர் சேர்ந்து நடத்துற ஒரு பொது ரூம்ல. இதே யோசனைல இருக்குறவங்க நிறைய பேர் கேக்குறாங்க, அதான் விரிவா எழுதுறேன்.

முதல்ல வாங்குனது பழைய டைப் சாட்டிலைட் கனெக்ஷன். ஸ்பீட் டெஸ்ட்ல நல்ல நம்பர்தான் வந்துச்சு, ஆனா மீட்டிங்ல பேசவே முடியல. அந்த சாட்டிலைட் 35,786 கிமீ உயரத்துல இருக்கு, நாம பேசுறது மேல போய் கீழ வந்து பதிலும் அதே மாதிரி வர்றதுக்குள்ள அரை செகண்டுக்கு மேல போயிடும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிட்டு ஒரே நேரத்துல நிறுத்துவோம். ஸ்டார்லிங்க் மாதிரி 550 கிமீ உயரத்துக்குப் பக்கத்துல சுத்துற சாட்டிலைட்ல இந்தத் தொல்லை இல்ல, ஆனா வானம் திறந்தாப்ல இருக்கணும், மரம் மறைச்சா விட்டு விட்டு கட் ஆகும்.

அடுத்து சிம் ரவுட்டர். வீட்டுக்குள்ள சிக்னல் -112 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, சைபருக்கு எவ்ளோ பக்கத்துல இருக்கோ அவ்ளோ நல்லது). கூரைல டைரக்ஷனல் ஆன்டெனா மாட்டி, நான் மேல நின்னு கொஞ்சம் கொஞ்சமா திருப்ப கீழ இருந்து தம்பி நம்பர் சொல்லச் சொல்ல, ஒருவழியா -95ல நின்னுச்சு. பாக்க 17 தான் வித்தியாசம், ஆனா பவர் கணக்குல அது 50 மடங்கு! அன்னைக்குதான் முதல் தடவையா ஒரு மணி நேர மீட்டிங் கால் கட் ஆகாம முடிஞ்சுது.

அப்புறம் ஒரு பழைய கட்டடத்துக்கு ஃபைபர் வந்துச்சு, எல்லாரும் பங்கு போட்டு எடுத்தோம். இங்க கத்துக்கிட்ட பெரிய விஷயம், டவுன்லோட் நம்பரைப் பாத்து பிளான் எடுக்காதீங்க, அப்லோட், அதாவது நாம அனுப்புற வேகத்தப் பாருங்க. தினமும் காலைல எல்லாரோட மீட்டிங் காலும் திக்கும், காரணமே புரியல, கடைசில பாத்தா வர்றவங்க போன் எல்லாம் வைஃபைல சேர்ந்த உடனே போட்டோ பேக்கப் ஓட ஆரம்பிச்சு மொத்த அப்லோடையும் தின்னுடுது. ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற இலவச ரவுட்டர் சாஃப்ட்வேர் போட்ட ரவுட்டர் வாங்கி, அதுல எஸ்க்யூஎம் ஆன் பண்ணோம் (ஒரே ஆள் லைன் முழுசையும் அடைச்சுக்காம எல்லாருக்கும் பிரிச்சு விடுற வசதி), லைன் வேகத்துக்கு கொஞ்சம் கம்மியா லிமிட் வச்சோம், அதோட சரியாச்சு.

கரண்ட் போனா லேப்டாப் ஓடும், ரவுட்டர் செத்துடும். அதுக்குன்னு தனி பேட்டரி வைங்க. ரவுட்டரும் ஃபைபர் பாக்ஸும் சேர்ந்து 20 வாட்ஸ் கூட இழுக்கல. லெட் ஆசிட்ட விட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி விலை கூடத்தான், ஆனா ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும், அடிக்கடி கரண்ட் போற இடத்துக்கு அதான் லாபம்.

குறையும் சொல்லணும். ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுந்து ஒன்பது நாள் யாரும் எட்டிப் பாக்கல, போன் பண்ணிப் பண்ணி அலுத்துப் போச்சு, எனக்கு இன்னும் அந்தக் கோவம் போகல. பழைய சிம் ரவுட்டரை மாட்டித்தான் சமாளிச்சோம், அதனால பேக்கப் லைன் இல்லாம எதுவும் ஆரம்பிக்காதீங்க. கால் பேச தனி அறையும் முதல்லயே யோசிக்கணும், நாங்க ஒரு வருஷம் கழிச்சுதான் தடுப்பு போட்டோம்.

ஆனா இந்த ரூமால அதிகமா பிழைச்சது எங்கள மாதிரி லேப்டாப் ஆளுங்க இல்ல. துணி தைச்சு ஆன்லைன்ல விக்கிற ஒரு அக்கா இருக்காங்க. அவங்க வீட்டுக்கு கூரியர் வரவே மாட்டாங்க, ஒரு பார்சலுக்காக அவ்ளோ தூரம் வந்தா கட்டுப்படியாகாதுன்னு. ரூம் அட்ரஸ்ல எல்லாரோட பார்சலையும் சேத்து வச்சதும் வாரம் ரெண்டு நாள் வந்தாங்க, இப்போ தினமும் நாலு மணிக்கு வண்டி வருது. அக்கா ரெண்டு பேர வேலைக்கு வச்சிருக்காங்க. மூணரைக்கு எங்கள்ல யாராச்சும் எந்திரிச்சு டேப் ஒட்ட உதவுறது வழக்கமாவே ஆயிடுச்சு, அடுத்த மாசம் பேக்கிங்குக்குன்னே பக்கத்து ரூமையும் எடுக்குறோம்.