தெரியாத காட்டில் மான் தேடுவது: வரைபடமா, காலா, கேமராவா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 15 அன்று யாரிடமும் வேலை வாங்க முடியாது. துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும் நாள் அது. எந்தக் கிழமையில் வந்தாலும் தேதி மாறாது. வடக்கே பல பள்ளிக்கூடங்கள் விடுமுறையே விட்டுவிடும். வில்காரர்களுக்கு அக்டோபர் 1. இந்தக் கட்டுரை அதற்கு முந்தைய ஆறேழு மாதங்களைப் பற்றியது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர், முன்பின் பார்த்திராத அரசுக் காட்டில் மான் நடமாட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் மேல் கை வைத்தால் ஜெயில்தான். இங்கே வெள்ளைவால் மான் பெருகிப்போய் பயிரை மேய்கிறது, ராத்திரியில் கார் மேல் வந்து மோதுகிறது. உரிமம், பருவம், ஆளுக்கு இத்தனை என்ற கணக்கோடு அரசே வேட்டையை நடத்துகிறது. விசாவில் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விதிவிலக்கு. வில்லுக்கு அந்தத் தலைவலி கிடையாது. நான் வில்லோடு நின்றுவிட்டதற்கு ஆரம்பக் காரணம் அதுதான்.

வில் என்றால் மான் இருபது, முப்பது கெஜத்துக்குள் வர வேண்டும். அதனால் 'அந்தக் காட்டில் மான் நிறைய' என்ற தகவலை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. எந்த மரத்தில் பரண் போடுவது என்று தெரிய வேண்டும். (பரண் என்றால் தினைப்புனம் காக்கப் போடுவார்களே, அதேதான். அங்கே கிளி வராமல் இருக்க, இங்கே மான் வருவதற்காக.)

நான் போவது மனிஸ்டீ காட்டுக்கு. ஹ்யூரான், மனிஸ்டீ இரண்டு தேசியக் காடுகளும் சேர்ந்து கிட்டத்தட்ட பத்து லட்சம் ஏக்கர். டெட்ராய்ட் புறநகரிலிருந்து காரில் மூன்று மணி நேரம். வேலை, பிள்ளைகள், தமிழ்ப் பள்ளி எல்லாம் போக இதற்கென்று வருஷத்தில் ஆறு நாள் தேறும். இருக்கிற வழிகளில் எது அந்த ஆறு நாளைத் தின்றுவிட்டு என்ன திருப்பித் தருகிறது என்பதை வைத்தே எடை போடுகிறேன். காட்டுக்குப் பத்து நிமிஷத்தில் வீடு உள்ளவருக்குக் கணக்கு வேறு.

வரைபடம்

இது அந்த ஆறு நாளில் ஒன்றைக்கூடத் தொடாது. பிள்ளைகள் தூங்கிய பிறகு சோபாவில் படுத்துக்கொண்டே செய்யலாம். மாநில இயற்கைவளத் துறையின் மி-ஹன்ட் வரைபடம் இலவசம். ஆன்எக்ஸ் போன்ற சந்தா ஆப்களில் நில எல்லையோடு உரிமையாளர் பெயரும் தெரியும். எல்லை தெரிவது இங்கே ரொம்ப முக்கியம். மனிஸ்டீ ஒரே துண்டாகக் கிடக்கும் காடு இல்லை. நடுநடுவே தனியார் நிலம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி வரும். மிச்சிகன் சட்டப்படி பண்ணை நிலத்திலும் அதை ஒட்டிய மரக்காட்டிலும் அனுமதியில்லாமல் நுழைவது அத்துமீறல். 'போர்டு இல்லையே' என்ற சாக்கு எடுபடாது.

வரைபடத்தை நான் இடம் பிடிப்பதற்கு நம்புவதில்லை, இடத்தைக் கழிப்பதற்கு நம்புகிறேன். கார் நிறுத்தும் இடத்தையும் சாலையையும் சுற்றி அரை மைலுக்குக் கோடு போட்டு அதை அப்படியே விட்டுவிடலாம். மிச்சத்தில் சதுப்பு குறுகும் இடம், ஆறு வளைந்து மேட்டை நெருக்கும் இடம், இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழும் கணவாய், சில வருஷம் முன்பு வெட்டித் தளிர்த்த ஆஸ்பென் காடு, இவற்றைக் குறித்துக்கொள்வேன்.

ஆனால் மேலிருந்து எடுத்த படம் காட்டின் தலைமுடியைத்தான் காட்டும். முதல் வருஷம் அடர்பச்சையாக ஒரு பெரிய பட்டை தெரிந்தது. பகலில் மான் படுக்க அருமையான மறைவு என்று முடிவு கட்டி ஒரு மணி நேரம் நடந்து போனால், சிவப்புப் பைன் தோப்பு. 1930களில் வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டி அரசு நட்ட தோப்புகள் இந்தப் பக்கம் ஏராளம். வரிசை வரிசையாக மரம், கீழே ஒரு புதர் இல்லை, காலி செய்த கல்யாண மண்டபம் மாதிரி கிடந்தது. இன்னொரு சிக்கல், எனக்குத் தெரிகிற கணவாய் அதே ஆப் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். படத்திலேயே ஆக அழகான ஒரு கணவாய்க்குப் போனபோது மூன்று மரங்களில் பரண் கட்டிய தழும்பு இருந்தது.

வசந்தகால நடை

என் ஓட்டு இதற்குத்தான். பனி உருகி, இலை துளிர்க்காமல் இருக்கும் மூன்று நான்கு வாரம். மார்ச் கடைசி, ஏப்ரல். போன இலையுதிர்காலத்தில் மான் விட்டுப்போன அடையாளங்களைப் பனி ஊறுகாய் ஜாடி மாதிரி மூடி வைத்திருக்கும். ஆண் மான் கொம்பால் உரசிப் பட்டையை உரித்த மரம், குளம்பால் மண்ணைப் பறித்து அதற்கு நேர் மேலே வாயால் கடித்து நுனி முறித்த கிளை, சதுப்பு விளிம்பில் மிதிபட்டுக் கறுத்த ஒற்றையடித் தடம், எல்லாம் இலையில்லாத காட்டில் நூறு கெஜத்திலிருந்தே தெரியும். நவம்பரில் அவை இணை தேடி அலைந்த வழி ஏப்ரலில் எழுதி வைத்த மாதிரி கிடக்கும். உரசல் மரத்தின் எந்தப் பக்கம் என்று பார்த்தால் மான் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைக்கூட ஏறக்குறைய ஊகிக்கலாம்.

இதில் பெரிய வசதி, நாம் எங்கே வேண்டுமானாலும் மிதிக்கலாம். படுக்கைக்குள்ளேயே நுழைந்து மானைக் கிளப்பிவிட்டாலும் பரவாயில்லை, வேட்டைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இதையே செப்டம்பர் கடைசியில் செய்தால் அந்த இடம் அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் முன்பு ஏப்ரலில் ஒரு கருவாலி (ஓக்) மரச் சரிவு முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் திட்டு கண்ணில் பட்டது. ஆள் உட்கார்ந்தால் இடுப்புயரம்கூட இல்லை. மேலே முட்டை வடிவில் இலை அமுங்கிக் கிடந்தது, நடுவில் வெளுத்த உள்ளீடற்ற முடிகள் ஐந்தாறு. ஒரு பெரிய மானின் படுக்கை. அதிலேயே முழங்காலிட்டு, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து படுத்துப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. முன்னால் சரிவு முழுக்கத் திறந்து கிடக்கிறது. யார் மேலிருந்து இறங்கினாலும் கால் முதலில் தெரியும். முதுகுப் பக்கம் சதுப்பு, அங்கிருந்து வருகிற மேற்குக் காற்று வாசனையைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். கண்ணுக்கு ஒரு பக்கம், மூக்குக்கு ஒரு பக்கம். அதற்கு முந்தைய அக்டோபரில் நான் நான்கு நாள் உட்கார்ந்த மரம் அந்தச் சரிவின் தலைமாட்டில், நேர் எதிரே நின்றது. நான்கு நாளும் அது என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்.

மனிதத் தடத்தையும் இப்போதே தேடிவிட வேண்டும். மிச்சிகனில் வருஷம் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மான் வேட்டைக்கு இறங்குகிறார்கள். மரத்தில் அடித்த மின்னும் ஆணி, ரோஜா நிற ரிப்பன், தோட்டா உறை எங்கே அதிகமோ அங்கே மானுக்கும் அது தெரியும். ஆட்கள் எந்த வழியாக நுழைகிறார்கள் என்று குறித்துக்கொண்டால் மான் எங்கே ஒதுங்கும் என்பது பாதி புரிந்துவிடும்.

இந்த வழியிலும் ஒரு குழி உண்டு, நான் விழுந்திருக்கிறேன். ஆழ்பனிக் காலத்தில் வடக்கத்தி மான்கள் சீடர் மரச் சதுப்புகளில் கூட்டமாய் ஒண்டும். கீழே பனி குறைவு, தின்ன சீடர் இலை. மார்ச்சில் அங்கே போனால் கூடை கூடையாகப் புழுக்கை. ஆகா, மாட்டியது புதையல் என்று நினைத்தேன். அக்டோபரில் அங்கே ஒரு மான் இல்லை. புழுக்கையை விட்டுவிட்டு உரசல் மரங்களையும் பறித்த மண்ணையும் நம்புவது இதனால்தான். அவை இலையுதிர்காலத்துச் சரக்கு. இன்னொன்று, குளிர் விட்டதுமே உண்ணி வந்துவிடும். அது பரப்பும் லைம் நோய் விளையாட்டில்லை. பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடக்க வேண்டும், பார்க்க ஜோக்கர் மாதிரி இருந்தாலும் சரி.

கோடையில் பைனாகுலர்

பார்க்க ஆனந்தம், பலன் சொற்பம். ஜூலை, ஆகஸ்ட் மாலையில் சோயா வயலோரம் காரை நிறுத்தினால் கொம்பில் வெல்வெட் போர்த்திய ஆண் மான்கள் நாலைந்து சேர்ந்து மேய்வதைப் பார்க்கலாம். செப்டம்பர் தொடக்கத்தில் வெல்வெட் உரிந்து, கூட்டம் பிரிந்து, ஆளுக்கொரு திசையில் போய்விடும். தேசியக் காட்டுக்குள் வயல் ஏது? உங்கள் காடு பண்ணையை ஒட்டி இருந்தால் ஒரு மாலை செலவிடுங்கள். ஹ்யூரான் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இளம் ஜாக் பைன் காடுகளில் கர்ட்லாண்ட் வார்ப்ளர் என்ற அரிய பறவை கூடு கட்டும், அந்தச் சமயத்தில் உள்ளே நுழையத் தடை இருக்கும்.

கேமரா

மரத்தில் கட்டும் தானியங்கிக் கேமராவில் எல்லோருக்கும் மோகம். எனக்கும் இருந்தது. இரண்டு வாங்கினேன். ஒன்றின் முன்னால் பெரணி இலை காற்றில் ஆடி, ஆயிரத்துக்கும் மேல் பெரணிப் படம் பிடித்து வைத்திருந்தது. இன்னொன்று மூன்றாவது வாரம் மரத்தில் இல்லை, பட்டி மட்டும் தொங்கியது. அரசுக் காட்டில் கட்டும் கேமராவில் நம் அடையாளத்தை ஒட்டி வைக்க வேண்டும், ஒட்டியிருந்தேன். எடுத்துப் போனவருக்கு என் பெயர் தெரியும், எனக்கு அவர் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

கேமராவில் மெமரி கார்டு மாற்ற ஒவ்வொரு முறை போவதும் என் கணக்கில் ஒரு நாள், காட்டுக்கு ஒரு முறை மனித வாடை. படத்தைச் செல்பேசிக்கே அனுப்பும் கேமரா இதைத் தீர்க்கும் என்பார்கள். மாதச் சந்தா போகட்டும், ஆற்றுப் பள்ளத்தில் சிக்னல் கிடைக்க வேண்டுமே. கிடைத்தாலும் வருவது பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிப் படம். என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவர் ஐந்து கேமரா வைத்திருக்கிறார். போன டிசம்பரில் போனை நீட்டிக் காட்டி, "அண்ணே, எல்லாம் இதுக்குள்ளதான் வருது, எம் முன்னால ஒண்ணு வர மாட்டேங்குது" என்றார்.

வேறு மாநிலத்துக்குப் போய் வேட்டையாடுகிறவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசோனாவில் வேட்டைக்காகக் கேமரா வைப்பதே 2022 ஜனவரி 1 முதல் கூடாது. யூட்டாவில் பொது நிலங்களில் ஜூலை 31 முதல் வருஷக் கடைசி வரை தடை. கான்சஸும் 2023-இல் மாநிலத் துறை பராமரிக்கும் பொது நிலங்களில் தடுத்துவிட்டது.

கேமராவை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. ஏப்ரலில் நடந்து பார்த்து, இரண்டு தடங்களில் எது என்று குழப்பம் வந்தால் ஒன்றில் கட்டலாம். ஒரே கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல அது நல்ல சாட்சி.

கடைசி நேரப் பார்வை

ஏப்ரல் நடை சொல்ல முடியாத ஒன்று உண்டு: இந்த வருஷம் எந்தக் கருவாலி காய்க்கும் என்பது. வெள்ளைக் கருவாலியின் கொட்டை ஒரே பருவத்தில் முற்றி விழுந்துவிடும். சிவப்புக் கருவாலிக்கு இரண்டு வருஷம். கசப்பு குறைவென்பதால் மான் முதலில் தேடிப் போவது வெள்ளையைத்தான். ஆனால் நம்மூர் மாமரம் மாதிரி ஒரு வருஷம் கொட்டும், மறுவருஷம் கைவிரிக்கும். ஆகஸ்ட் கடைசியில் பைனாகுலரை உச்சிக் கிளைக்குத் திருப்பினால் தெரிந்துவிடும். இதற்கு ஒரு நாள் ஒதுக்குவது நியாயம். குறித்து வைத்த மரங்களுக்கு மட்டும் போய், அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அப்படியே ஒரு சிட்டிகை மில்க்வீட் பஞ்சைப் பறக்கவிட்டுக் காற்றைப் பார்த்துக்கொள்வேன். அது எருக்கஞ்செடிக்குச் சொந்தக்காரச் செடி, அதே பட்டுப் பஞ்சு. காலையில் சரிவில் மேலே ஏறுவதும் சாயங்காலம் பள்ளத்துக்குள் வழிவதும் அதில் கண்ணெதிரே தெரியும்.

இதைவிட ஒரு படி மேலே போய், முன்கூட்டிப் பார்ப்பதே வீண் என்பவர்களும் உண்டு. பரணை முதுகில் கட்டிக்கொண்டு பருவத்தில் நேரே காட்டுக்குள் மெதுவாக நடப்பார்கள். ஈரம் காயாத புழுக்கையோ புதிதாகப் பறித்த மண்ணோ கண்டால் அங்கேயே ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். தகவல் அன்றைக்குப் பறித்த கீரை மாதிரி பசுமையானது, மறுக்க முடியாது. பக்கத்திலேயே வீடு இருந்து, வாரத்துக்கு மூன்று நாள் போக முடிகிறவர் என்றால் நானே இதைத்தான் சொல்வேன். மூன்று மணி நேரம் ஓட்டிப் போய், கிடைத்த இரண்டு நாளில் ஒன்றைத் தடம் தேடுவதிலேயே விட எனக்கு மனசு வராது. மரத்தில் திருகு ஆணி இறக்கவும் இங்கே அரசு நிலத்தில் அனுமதியில்லை, அதனால் பட்டியில் கட்டும் பரண்தான் எடுத்துப் போக முடியும்.

ஆக, என் ஆறு நாளில் நான்கு மார்ச், ஏப்ரலுக்கு. ஒன்று ஆகஸ்ட் கடைசிக்கு. ஆறாவது எதற்கும் கையிருப்பு, பெரும்பாலும் மழை தின்றுவிடும். இரண்டே நாள்தான் இருக்கிறது என்பவர் இரண்டையும் ஏப்ரலில் போட்டுவிடலாம்.

அந்தத் திட்டிலிருந்து வடக்கே எழுபது கெஜத்தில் ஒரு வெள்ளைக் கருவாலி நிற்கிறது. மேற்குக் காற்றில் என் வாசனை படுக்கைக்கும் போகாது, தடத்துக்கும் போகாது. போன வருஷம் அதில் ஒரு கொட்டைகூட இல்லை. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.