இயந்திரப் பொறியியல் துறையின் மாணவர் திட்டப்பணிக் கண்காட்சி: ஒரு பார்வையாளரின் மதிப்பீடு

பல்கலைக்கழகம் ஒன்றின் இயந்திரப் பொறியியல் துறை ஆண்டுதோறும் பொதுமக்களுக்காக நடத்தும் திட்டப்பணிக் கண்காட்சிக்கு, பள்ளி இறுதியாண்டில் படிக்கும் என் தங்கை மகனை அழைத்துச் சென்றிருந்தேன். மேற்படிப்புக்கு எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம். துறையின் கையேட்டில் அச்சிட்ட சாதனைப் பட்டியலைப் படிப்பதைக் காட்டிலும், அவற்றைச் செய்த மாணவர்களிடமே நான்கு கேள்வி கேட்பது அவனுக்குப் பயன்படும் என்று கருதினேன். தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கும் ஆர்வம் இருந்தது.

நுழைந்ததும் வருவது சாதனைக் கூடம். கண்ணாடி அலமாரிகளில் கேடயங்களும், சுவர் முழுக்கப் பரிசு வாங்கும் படங்களும் இருந்தன. 'இரண்டாம் இடம்', 'சிறப்புப் பரிசு' என்று எழுதியிருந்தார்களே தவிர, எத்தனை அணிகள் போட்டியிட்டன, மாணவர்கள் எதைச் செய்து அந்த இடத்தைப் பெற்றார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. பன்னாட்டுப் போட்டியில் பெற்ற பரிசும் துறைக்குள் நடந்த சுவரொட்டிப் போட்டியின் பரிசும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து இருந்தன. மாதக்கணக்கில் உழைத்த மாணவருக்கு இது நியாயம் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

பணிமனைக்குள் சென்ற பிறகுதான் கண்காட்சி உண்மையில் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் வடிவமைத்துக் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா மாணவர் பந்தயத்துக்காக இத்துறையினர் கட்டிய ஒற்றை இருக்கைக் கார் அங்கே மேலுறை கழற்றிய நிலையில் நின்றது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இன்று பல நாடுகளில் நடைபெறும் இந்தப் போட்டியில் வேகம் மட்டுமே வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. மொத்தம் 1000 புள்ளிகளில் வடிவமைப்பை நடுவர்களிடம் விளக்குவதற்கு 150, செலவுக் கணக்குக்கு 100, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீடித்த ஓட்டத்துக்கு 275 என்று பிரித்திருக்கிறார்கள். பெட்ரோல் இயந்திரம் 710 கன சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. அது உறிஞ்சும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளையின் வழியாகத்தான் செல்ல வேண்டும்.

அந்தத் துளையைக் கொண்ட ரெஸ்ட்ரிக்டர் குழாயை ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி என் கையில் கொடுத்தார். மேசையில் அதைப் போலவே இன்னொன்றும் இருந்தது. "இது போன வருடத்தது ஐயா, நாங்கள் தவறு செய்தது இங்கேதான்" என்று, துளையைக் கடந்ததும் குழாய் சட்டென்று அகலும் இடத்தை விரலால் தடவிக் காட்டினார். குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அதன் பிறகு இயந்திரம் எவ்வளவு இழுத்தாலும் உள்ளே போகும் காற்றின் அளவு கூடாது என்பதையும், குழாய் திடீரென விரிந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழன்று அழுத்தத்தை வீணாக்கும் என்பதையும், பள்ளி மாணவனுக்கும் புரியும்படி அவர் விளக்கிய விதம் பாராட்டத்தக்கது. புதிய குழாய் நீளமாக, மெல்ல விரிவதாக இருந்தது. பழையதைத் தூக்கி எறியாமல் பக்கத்திலேயே வைத்திருந்ததற்காகவே அந்த அணிக்கு என் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொடுப்பேன்.

காரின் திருகுகள் ஒவ்வொன்றிலும் நட்டையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு மெல்லிய மஞ்சள் கோடு வரைந்திருந்தது. முந்தைய ஆண்டு, நீடித்த ஓட்டத்தின் நடுவே ஓட்டுநர் மாறிய பிறகு கார் மீண்டும் கிளம்பவில்லை. பேட்டரியின் எர்த் வயரைப் பிடித்திருந்த நட்டு அதிர்வில் தளர்ந்துவிட்டதே காரணம். இப்போது நட்டு சற்றுத் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் தொழிற்சாலையிலும் இதே முறைதான். தாங்கள் இழந்த புள்ளிகளிலிருந்து அதைக் கற்றுக்கொண்ட மாணவர்களைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. கார் எந்த நாளில் எதனால் நின்றது, யார் என்ன மாற்றினார்கள் என்று எழுதிவந்த கறை படிந்த குறிப்பேட்டையும் கேட்டவுடன் எடுத்துக் காட்டினார்கள்.

மற்ற அரங்குகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோட்டைத் தொடர்ந்து ஓடும் ரோபோப் போட்டியில், சன்னல் வெயில் அகச்சிவப்பு உணரிகளைக் குழப்பியதால் ஓர் அணி அட்டையை வெட்டி ரோபோவுக்குப் பாவாடைபோல் ஒட்டிச் சமாளித்தது நினைவில் நிற்கிறது. தொழில்நுட்பக் கட்டுரை வாசிப்பு ஏமாற்றமளித்தது. பெரும்பாலோர் திரையில் இருந்ததையே படித்தார்கள், கேள்விக்கு நேரம் தரப்படவில்லை.

ஏற்பாட்டில் குறைகள் உண்டு. தொடக்க விழா நீண்டுகொண்டே போனதால் பணிமனை திறக்கத் தாமதமாயிற்று. எந்த அரங்கு எங்கே என்று காட்டும் வரைபடம் இல்லை. ஒலிபெருக்கியைப் பணிமனை வாசலிலேயே வைத்திருந்ததால், மெதுவாகப் பேசும் மாணவர்களின் விளக்கத்தைக் காதை நெருக்கிக் கேட்க வேண்டியிருந்தது. ஆயினும் பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளைகள் உள்ளவர்கள் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். கூட்டம் சேரும் முன் நேரே பணிமனைக்குப் போய்விடுங்கள். ஒரு காருக்கே ஒரு மணி நேரம் போதாது. என் தங்கை மகன் அந்த இரண்டு குழாய்களையும் மாறி மாறிக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன், கிளம்ப மனமில்லாமல்தான் வந்தான்.

வெளியேறும்போது பார்வையாளர் ஏட்டில் ஒரு வேண்டுகோளை எழுதிவைத்தேன்: அடுத்த ஆண்டு சாதனைக் கூடத்தில் அந்த அணியின் கேடயத்துக்குப் பக்கத்தில் பழைய ரெஸ்ட்ரிக்டர் குழாயையும் குறிப்பேட்டையும் வையுங்கள், பக்கங்களைப் பார்வையாளர்கள் புரட்டிப் படிக்க இடம் கொடுங்கள்.