ரெண்டு வருஷம் ஸ்பானிஷ் ஆப் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

வருஷ சந்தா பாதி விலைக்கு வந்திருக்குன்னு ரூம்மேட் நேத்து மெசேஜைக் காட்டி, நீ ரெண்டு வருஷமா வச்சிருக்கியே, நானும் போடவாடான்னு கேட்டான். வாய்ல சொல்ல ஆரம்பிச்சு பாதியிலேயே கோவம் வந்துருச்சு, அதான் உட்கார்ந்து டைப் பண்றேன். ஆப் பேரு வேணாம்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். தினசரி வார்த்தைகளுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. மறக்கப் போற நேரம் பாத்து அதே வார்த்தையைத் திருப்பிக் கேக்கும். மெஸ்ல ஸ்பூனைத் தொட்டா குச்சாரான்னு தானா வாய்ல வருது. அந்த உழைப்பை நான் குறை சொல்லவே மாட்டேன்.

இலக்கணம் தான் கொடுமை. எல்லாமே இங்கிலீஷ் வழியா தான் வரும். எனக்கு மாம்பழம் பிடிக்கும்ங்கறதை 'ஐ லைக் மேங்கோஸ்'னு கேக்கும், ஐ-ன்னா யோ தானேன்னு யோ குஸ்தோன்னு ஆரம்பிப்பேன், சிவப்பு. 'மே குஸ்தா'ன்னு மாத்துவேன், அதுக்கும் சிவப்பு. சரியான பதில் 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. ஏன்னு ஒரு வரி விளக்கம் கிடையாது. நாலு மாசம் இப்படியே போச்சு.

ஒரு நாள் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நோட்டுல இந்தப் பக்கம் ஸ்பானிஷ், அந்தப் பக்கம் தமிழ்னு எழுத ஆரம்பிச்சேன். மே, எனக்கு. குஸ்தா, பிடிக்கும். அட, எனக்குப் பிடிக்கும்! நாம யாராவது 'நான் பிடிக்கிறேன்'னு சொல்றோமா? மே துவேலே லா கபேசா, எனக்குத் தலை வலிக்குது. மே பாரேசே, எனக்குத் தோணுது. தூக்கமே வரல, அடுத்தடுத்து எழுதிட்டே இருந்தேன். புதுசா கத்துக்க வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணு தான், நமக்கு ஒரு மாம்பழமோ பத்து மாம்பழமோ 'பிடிக்கும்' மாறாது, அவங்களுக்கு ஒண்ணுன்னா குஸ்தா, நிறையன்னா கடைசியில ஒரு ன் சேந்து குஸ்தான். எல்லா இடத்துலயும் ஒத்துப் போகும்னு சொல்லல, பசிக்குதுங்கறதுக்கு அவங்க 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது பசி வச்சிருக்கேன்னு சொல்லுவாங்க, அதைத் தனியா மனப்பாடம் பண்ணிதான் ஆகணும்.

அதே மாதிரி தூ, உஸ்தெத். நமக்கு நீ, நீங்க, அவ்ளோதான். நீ பேசுறன்னா ஆப்லாஸ், நீங்க பேசுறீங்கன்னா ஆப்லா. ஆப் வெறும் 'யூ'ன்னு போட்டு எதைக் கேக்குதுன்னே தெரியாம என்னைத் தப்பு போட வைக்கும், பெரியவங்களை நீன்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா என்ன?

வார்த்தைலயும் இதே கதை தான். மேசான்னா மேசை, தோவாயான்னா துவாலை, சபாத்தோன்னா இலங்கைத் தமிழ்ல சப்பாத்து. போர்ச்சுகீஸ்காரங்க வழியா தமிழுக்கு வந்த வார்த்தைங்க, ஸ்பானிஷ் அந்த மொழிக்குக் கூடப் பொறந்த மாதிரி. சாவியும் அப்படி வந்தது தான், ஸ்பானிஷ்ல யாவே. இதெல்லாம் முதல் வாரமே தெரிஞ்சிருந்தா எவ்ளோ தைரியம் வந்திருக்கும்! துவாலையை 'டவல்'னு சுத்தி வந்து கத்துக்கிட்டேன்னு நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

அதனால போடாத மச்சி. பாதி விலைன்னாலும் வேணாம். வார்த்தை பழக ஓசி வெர்ஷனே போதும், தினம் கால் மணி நேரம் விடாம பண்ணு. காசு கட்டினது நான் இலக்கணத்துக்காக, அங்க தான் அது என்னைக் கைவிட்டுச்சு. என் நோட்டு மேஜை டிராயர்ல இருக்கு, எடுத்துக்கோ, பதினாலாம் பக்கத்துலேர்ந்து ஆரம்பி, முதல் பதிமூணு பக்கமும் இங்கிலீஷ்ல எழுதி அடிச்சது தான்.