கப்பல் சன்னலும் ஊர்ப் பட்டறையும்: விடுப்பில் கண்ட சேவைகள்

உடைத்த கப்பலின் வட்டச் சன்னல் ஒன்றை ஊரில் வாங்கி, சீர்செய்து, வெளிநாட்டு வீட்டுச் சுவரில் மாட்ட நினைப்பவர்களுக்கு இந்த விடுப்பின் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்வேன்: பட்டறைக்காரரை நம்பலாம், விற்பவரிடமும் பார்சல் கட்டுபவரிடமும் கூடவே நிற்க வேண்டும்.

வியாபாரிகள் ‘போர்ட்ஹோல்’ என்று சொல்லும் இந்தச் சன்னல்கள், 1983 முதல் கப்பல் உடைப்பு நடந்துவரும் குஜராத்தின் அலங் கடற்கரை போன்ற இடங்களிலிருந்து கைமாறி வருகின்றன. பழையவற்றோடு புதிதாக வார்த்தவையும் கலந்தே கிடக்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதைக் காட்டிப் பித்தளை என்று ஒரு கடையில் சாதித்தார்கள். காந்தம் அலுமினியத்திலும் ஒட்டாது. கையில் தூக்கிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும், ஏனெனில் பித்தளையின் எடை அதே அளவு அலுமினியத்தைப் போல் மூன்று மடங்கு. அந்தக் கடையின் ‘அசல்’ சன்னலில் திருகு மரைகள் சற்றும் தேயாமல் இருந்தன. பல ஆண்டுகள் இறுக்கித் திறந்த சன்னலில் அப்படி இருக்க வழியில்லை.

நான் வாங்கியதன் மீது பல அடுக்குப் பெயிண்ட் ஏறியிருந்தது. பழைய கப்பல் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், பட்டறைப் பெரியவர் பெயிண்ட் ரிமூவரைப் பூசி, ஊறிய பிறகு மரக்கட்டையால் வழித்தெடுக்கத் தொடங்கிவிட்டார். இறுகிப்போன கீல் ஆணியை அவர் சுத்தியலால் ஓங்கி அடிக்கவில்லை; மண்ணெண்ணெய் விட்டு மறுநாள் வரை காத்திருந்து, மெல்லத் தட்டியே கழற்றினார். பச்சைக் களிம்பு நீங்கியதும் வளையத்தின் உட்புறத்தில் பொறித்திருந்த எண்கள் தெரிந்தன. மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் வைத்தால் அவை மழுங்கிவிடும் என்று அவரே நிறுத்திக் கேட்டார். அந்தப் பகுதியை மட்டும் கையால் துலக்கச் சொன்னேன். முழுவதையும் தங்கம்போல் மினுக்கினால், கப்பலில் இருந்த பொருள் என்பதற்கான அடையாளமே போய்விடும் என்பது என் கருத்து. மேலே லேக்கர் என்னும் நிறமற்ற பூச்சு அடித்ததால் விரைவில் கறுக்காது.

சன்னலின் பின்புறக் கழுத்து, கப்பலின் தகட்டுக்குள் நுழைவதற்காக நீண்டிருக்கும். அதனால் அது சுவரோடு சமமாகப் படியாது. ஆசாரி அந்த ஆழத்துக்கு ஒரு மரவளையம் கடைந்து கொடுத்தார். ஜிப்சம் பலகைச் சுவர் உள்ள வீடுகளில், உள்ளிருக்கும் மரச்சட்டத்தில்தான் இந்த வளையத்தை முடுக்க வேண்டும். புயல் நேரத்தில் கண்ணாடியை மறைக்கும் உலோக மூடியும் உள்ள பெரிய பித்தளைச் சன்னல் 20 கிலோவைத் தாண்டிவிடும்.

பார்சல் நிறுவனம்தான் ஏமாற்றம். மரப்பெட்டி என்று ஒப்புக்கொண்டவர்கள், அட்டைப்பெட்டிக்குள் தெர்மோகோலைத் திணித்து, துருத்தி நிற்கும் திருகுகளைக் கழற்றாமலே கட்டியிருந்தார்கள். மறுத்துப் பேசிய பிறகே பெட்டி வந்தது. அதிலும், பூச்சி பரவாமலிருக்க வெப்பப் பதனம் செய்த மரத்துக்குரிய சர்வதேச ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இல்லை. பல நாடுகளின் சுங்கத்தில் அது இல்லாத பெட்டியை நிறுத்திவிடுவார்கள் என்று விளக்கி மாற்ற வைத்தேன். இன்னொன்று, இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. எனவே மிகப் பழையது என்று புகழ்ந்து விற்பவரிடம், எந்தக் காலத்துக் கப்பல் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.